தக்காளிக்குக் கூரை போட்ட கதை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் தக்காளி வளராது என்று சொல்ல முடியாது. நன்றாகவே வளரும். நெஞ்சளவுக்கு நிமிர்ந்து நிற்கும், கொத்தாகப் பூக்கும், காயும் பிடிக்கும். அப்புறம் ஜூன் மாதம் வரும். நாலைந்து நாள் விடாத தூறல், மத்தியானத்திலேயே மலையிலிருந்து இறங்கிவிடும் பனிமூட்டம். ஒரு காலையில் போய்ப் பார்த்தால், வெந்நீர் ஊற்றியது போல இலையெல்லாம் கறுத்துத் தொங்கும். காய் மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறதே என்று ஒரு நப்பாசை. அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். காம்புப் பக்கத்திலிருந்து தவிட்டு நிறத்தில் ஒரு திட்டு இறங்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும், அறுத்தால் உள்ளேயும் அதே நிறம்.

எங்கள் ஊரில் இதற்குப் பொதுப்பெயர் கருகல். விவசாயப் புத்தகங்களில் பின்பருவக் கருகல் என்று இருக்கும். பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் செய்யும் வேலை. 1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதுதான். தக்காளியும் உருளைக்கிழங்கும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும். நுவரெலியா மாவட்டத்தில் உருளைக்கிழங்குப் பாத்திக்குக் குறைவில்லை, ஆக விதைக்கு இருக்கும் பஞ்சம் கருகலுக்குக் கிடையாது.

இந்தப் பதிவு அந்தக் கருகலுக்கு எதிராக நான் போட்ட கூரையைப் பற்றியது. கூரையோடு சேர்ந்து வந்த மற்றத் தொல்லைகளையும் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,250 மீற்றர் உயரம். மேற்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேராக எங்கள் முகத்தில்தான் அடிக்கும். மலையின் மறுபக்கம், வெலிமடை, பண்டாரவளைப் பக்கம், அதே மாதங்களில் காய்ந்து கிடக்கும். பட்டிப்பொலை தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் நுழையும்போது மழையும் வெளியே வரும்போது வெயிலும் இருப்பதை, ஜூலையில் பதுளை ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வெலிமடைக்காரர்கள் அந்த வெயிலில் தண்ணீர் பாய்ச்சித் தக்காளி எடுத்து கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போது நாங்கள் குடை பிடித்துக்கொண்டு செடியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே ஒரு விவசாயக் குறிப்பை வாசிக்கும்போது அது மலையின் எந்தப் பக்கத்துக்காரருக்கு எழுதியது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெலிமடைக்கு எழுதிய நாட்காட்டி ஹட்டனுக்கு ஆகாது.

எங்களுக்கு வானம் இரங்கும் காலம் ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. டிசம்பரில் விதை போட்டால் கூரை இல்லாமலேயே மார்ச்சில் ஓரளவு பழம் பார்க்கலாம். ஆனால் தக்காளி விலை ஏறுவது அந்தக் காலத்தில் இல்லையே.

வீட்டுத்தோட்டம் என்ற பேச்சு எங்கள் பக்கம் பலமாக எழுந்தது 2021, 2022 இல். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள். 2022 ஜூனில், பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்ற காலத்தில், அரசாங்க ஊழியர்கள் வெள்ளிக்கிழமை வேலைக்கு வராமல் வீட்டில் பயிர் செய்யலாம் என்று அமைச்சரவை முடிவு செய்தது. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமை யாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில், வடிகான் ஓரத்தில், உரச் சாக்கில், உடைந்த வாளியில் என்று எல்லாரும் எதையாவது நட்டார்கள். போஞ்சி வந்தது, கீரை வந்தது, கொச்சிக்காய்கூட வந்தது. ஏமாற்றியது தக்காளிதான். எல்லாரும் மருந்து சரியில்லை என்றார்கள், மண் சரியில்லை என்றார்கள். எனக்கோ, தண்ணீர்தான் காரணம் என்று பட்டது. வேரில் விழுகிற தண்ணீர் இல்லை, இலையில் நிற்கிற தண்ணீர்.

பைட்டோப்தோராவின் வித்துக்கு முளைக்க ஈரம் வேண்டும். குளிரான வேளையில் அந்த வித்து வெடித்து, வால் முளைத்த சின்னஞ்சிறு நீந்திகளை வெளியே விடும். இலையின் மேல் இருக்கும் தண்ணீர்ப் படலத்தில் அவை நீந்திப் போய் இலைக்குள் இறங்கும். 15 முதல் 20 பாகை செல்சியஸ், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காயாத இலை, அதற்கு வேறொன்றும் தேவையில்லை. ஹட்டனின் ஒரு சாதாரண ஜூலை இரவு இதுதான்.

தேயிலையில் வேலை செய்தவர்களுக்கு இது புதிய செய்தியே இல்லை. 1946 இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயும் ஈர இலையில்தான் பிடிக்கும். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள லயத்தில் இருக்கும் பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்தினார். “இலை காஞ்சாத்தான் கொப்புளம் நிக்கும் தம்பி. மழை காலத்துக்கு முன்ன நெழல் மரத்தோட கெளைய வெட்டிவிடுறது எதுக்குங்கிற? வெயிலு உள்ள வரத்தான்.” அதற்கும் முன்னால், 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகுதானே இந்த மலைகளில் தேயிலை பரவியது. அந்தத் துருவும் ஈர இலையில் முளைக்கிற பூஞ்சைதான். எங்கள் பாட்டன் பூட்டன் என்ன வேலை செய்வார்கள் என்பதையே ஓர் ஈர இலை தீர்மானித்திருக்கிறது. தக்காளியை அது விட்டுவைக்குமா?

சரி, கூரை.

பத்தடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு பாத்தி அளவு. இரண்டு வரிசையில் எட்டுச் சாக்கு வைக்க அது போதும். ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடும் கக்கூசும் போக மிஞ்சுவது இவ்வளவுதான். ஆறு கம்புகள். மூங்கில் கிடைத்தால் மூங்கில், நான் சவுக்குக் கிளைகளை எடுத்தேன். அடியை நெருப்பில் கறுக்க வாட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, கல் போட்டு இடித்தேன். ஒரு பக்கத்துக் கம்பு தரைக்கு மேல் எட்டடி, மறுபக்கம் ஆறரை அடி. தாழ்ந்த பக்கம் தென்மேற்கைப் பார்க்க வேண்டும், காற்றும் சாரலும் அங்கிருந்துதான் வரும். உயர்ந்த பக்கத்தைக் காற்றுக்குக் காட்டினால் கூரை பக்கத்துத் தோட்டத்தில்தான் இறங்கும்.

பொலித்தீனில் கஞ்சத்தனம் கூடாது. மளிகைக்கடையில் கிடைக்கும் சாதாரண பொலித்தீன் சில மாத வெயிலிலேயே நொறுங்கிவிடும். மலையில் மப்பு அதிகம் என்றாலும், வெயில் அடிக்கிற நாளில் புற ஊதாக் கதிரின் வேகம் கீழ்நாட்டைவிடக் கூடுதல். பசுமைக் கூடாரங்களுக்கு விற்கும் யு.வி. பொலித்தீன், 200 மைக்ரோன் தடிப்பு, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பாத்தியைவிட நாலாபக்கமும் ஓரடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அதைக் கட்டுவதில்தான் வேலையே இருக்கிறது. ஆணி அடித்தால் அந்த ஓட்டையிலிருந்து கிழிசல் ஓடும். இரண்டு மூங்கில் சிம்புகளுக்கு நடுவே பொலித்தீனின் ஓரத்தை வைத்து, ஒரு சுற்றுச் சுருட்டி, பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டுவது நல்லது. மூங்கில் கணுக்களைக் கத்தியால் வழித்து, அதன் மேலும் டியூப்பைச் சுற்றினேன். ஒரு கூரான கணு போதும், ஒரே காற்றில் முழுத் தாளும் போய்விடும். குளிர் காலையில் இழுத்துக் கட்டினால் மத்தியான வெயிலில் தொய்ந்துவிடும் என்பதால் வெயில் ஏறும்வரை காத்திருந்து கட்டினேன். நடுவில் தாங்குவதற்குக் கட்டுக்கம்பி வேண்டாம். கம்பி சூடேறிப் பொலித்தீனைத் தின்னும். நைலோன் கயிறு போதும். சரிவு சரியாக இல்லாவிட்டால் நடுவில் தண்ணீர் குளம் கட்டி, அந்தப் பாரத்திலேயே எல்லாம் சாயும். இப்படிச் சாய்ந்த கூடாரங்களை நானே இரண்டு மூன்று வாசலில் பார்த்திருக்கிறேன்.

பக்கங்களை மூடவில்லை. இதைக் கேட்டவர்கள் எல்லாரும் குளிர் உள்ளே போகாதா என்றார்கள். குளிரைச் செடி தாங்கும், மூடி வைத்த ஈரத்தைத் தாங்காது. நாலு பக்கமும் மூடினால் செடி விடும் ஈரமே இரவில் இலையில் நீராகப் படியும், கூரைக்குள்ளேயே மழை. தென்மேற்குப் பக்கம் மட்டும் ஒரு பொலித்தீன் தொங்கலை மூங்கிலில் சுருட்டி வைத்திருக்கிறேன். சாரல் அடித்தால் இறக்குவேன், நின்றதும் ஏற்றிவிடுவேன். காலையில் கூரையின் உட்பக்கம் நீர் கோர்க்கும். சரிவு இருந்தால் அது செடியில் சொட்டாமல் ஓரத்துக்கு வழிந்து போகும். சரிவு மழைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

பெரியம்மா இதையெல்லாம் இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஏறி வந்து பொலித்தீனைத் தட்டிப் பார்த்தார். “ஏன்டா தம்பி, எங்க லயத்துக் கூரையே ஒழுகுது. நீ தக்காளிக்குப் புதுக்கூரை போடுறியா?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மிஞ்சிய பொலித்தீன் துண்டு அவருடைய காம்பராவுக்கு மேல் போனது.

தாழ்ந்த ஓரத்தில் மூன்று அங்குல பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் அறுத்துப் பீலியாகக் கட்டி, ஒரு நீலப் பெரலுக்குள் விட்டேன். பெரலுக்கு மூடி கட்டாயம், நுளம்பு முட்டையிட இடம் கொடுக்கக் கூடாது. இது ஏதோ கூடுதல் வசதிக்காகச் செய்ததல்ல. கூரை போட்ட பிறகு செடிக்கு மழை கிடையாது. சுற்றிலும் கொட்டிக்கொண்டிருக்க, நடுவில் நின்று வாளியால் தண்ணீர் ஊற்றும் விசித்திரமான வேலை இனி நம்முடையது.

மண்ணைப் பற்றி. தேயிலை நின்ற நிலம் புளித்த மண். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு நாலரையிலிருந்து ஐந்தரைக்குள்தான் இருக்கும், தேயிலைக்கு அது பிடிக்கும். தக்காளிக்கு ஆறுக்கு மேல் வேண்டும். டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளை நடுவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே கலந்துவைத்தால் புளிப்பு குறையும், அதில் கல்சியமும் மக்னீசியமும் கிடைக்கும். அடுப்புச் சாம்பலும் இதே வேலையைச் செய்யும். எங்கள் வீட்டில் இன்னும் தேயிலைச் செடியில் வெட்டிய கிளையான மிலாறுதான் எரிக்கிறோம், சாம்பலுக்குப் பஞ்சமில்லை. அதில் பொட்டாசியமும் உண்டு. ஆனால் சாம்பலையும் யூரியாவையும், அல்லது சாம்பலையும் புதுக் கோழி எருவையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கே சொல்லிக்கொடுக்கும்.

நிலத்தில் நடாமல் சாக்கில் வைத்ததற்கு வேறு காரணம். முன்பு உருளைக்கிழங்கு போட்ட மண்ணில் வாடல் நோயின் பக்டீரியா இருக்கலாம். ஐம்பது கிலோ உரச் சாக்கைப் பாதியாக மடித்து, மேல்மண், கூட்டுப்பசளை, தும்புத்தூள் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு, கல்லின் மேல் தூக்கி வைத்தேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு செடியைக் கூரைக்கு வெளியே வெறும் நிலத்திலும் நட்டேன். அதில் ஒன்று கருகலுக்காகக் காத்திருக்கவே இல்லை. இலை பச்சையாக இருக்கும்போதே ஒரு மத்தியானம் தலை தொங்கியது. மாலையில் எழுந்தது, மறுநாள் மறுபடியும் தொங்கியது, அப்புறம் எழவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி உண்டு. தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீருக்குள் தொடும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற நூல் கீழே இறங்கினால் அது பக்டீரியா வாடல். இறங்கியது. அந்த இடத்தில் இனி தக்காளி, கத்தரி, கொச்சிக்காய், உருளைக்கிழங்கு எதுவும் கொஞ்ச வருஷத்துக்கு வேண்டாம். கோவா போடலாம், போஞ்சி போடலாம்.

விதைக்கு இரண்டு வகை எடுத்தேன். விவசாயத் திணைக்களத்தின் திலின, அது இந்த வாடல் நோயை ஓரளவு தாங்கும். மற்றது பத்மா, கலப்பினம். காய் கெட்டியாக, ஒரே அளவில் வரும், விதை விலையும் அதற்கேற்ற மாதிரி. குளிரில் தக்காளி விதை சோம்பல் பிடித்துக் கிடக்கும் என்பதால் முளைக்கும்வரை யோகட் கப்புகளை அடுப்புக்கு மேல் உள்ள தட்டில் வைத்தேன். முளை தலை காட்டியதும் வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும், ஒருநாள் தாமதித்தாலும் நூல் போல நீண்டுவிடும். நடும்போது கப்பின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, மேல் வளையத்தைச் செடியைச் சுற்றி அப்படியே மண்ணில் அழுத்திவிட்டேன். இரவில் வந்து தண்டை அறுத்துப் போடும் வெட்டுப்புழுவுக்கு அது ஒரு மதில். தண்டை முதல் இலை வரை மண்ணுக்குள் புதைக்கலாம், தக்காளியின் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும்.

வளர்ந்த பிறகு இலைக் கக்கத்தில் வரும் முளைகளைக் கிள்ளி, ஒரு தண்டாகக் கயிற்றில் ஏற்றினேன். கீழ் இலைகளை முதல் காய்க்கொத்து வரை எடுத்துவிட்டேன். அடியில் மானாப்புல் பரப்பினேன், மண் தெறித்து இலையில் ஒட்டாது. இதெல்லாம் செய்வது அழகுக்காக இல்லை. காற்று உள்ளே புகுந்து இலையைக் காயவைக்க வேண்டும், அவ்வளவுதான். யூரியாவை அள்ளிக் கொட்டி இலையைக் கொழுக்க வைப்பவர்கள் கருகலுக்குப் பாய் விரிக்கிறார்கள். பெரியம்மாவுக்கு இந்தக் கட்டம் மட்டும் மிகவும் பிடித்திருந்தது. “கவ்வாத்தா? அதை என்கிட்ட விடு” என்று அவரே வந்து கிள்ளினார். நான் விட்டுவைத்திருப்பதில் பாதியையும் எடுத்தார். செடி ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பூக்கத் தொடங்கியதும் முதல் ஏமாற்றம். பூ மஞ்சளாக மலர்ந்து, அப்படியே கணுவில் கழன்று விழுந்தது. தக்காளிப் பூ தன்னைத் தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும், ஆனால் அதற்கு ஓர் அசைவு வேண்டும். தூள் உள்ளே ஒரு குழலுக்குள் இருக்கிறது, குலுங்கினால்தான் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உறுமும்போது அந்த அதிர்வில் கொட்டும். மழை மாதத்தில் கருவண்டு எங்கே வருகிறது? இரவு வெப்பம் 13 பாகைக்குக் கீழே போனாலும் தூள் சரியாக உருவாகாது. மூட்டம் விலகி பூ காய்ந்திருக்கும் நேரம் பார்த்து, பெரும்பாலும் பத்து மணிக்குப் பிறகு, செடி கட்டிய கயிற்றை விரலால் சுண்டிவிட்டேன். தினமும் அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் ஒரு சுண்டு. காய் பிடித்தது. குளிர் மிஞ்சிய வாரத்துப் பூக்கள் மட்டும் எதைச் செய்தும் நிற்கவில்லை, அதை விட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டாவது ஏமாற்றம் முதல் கொத்துக் காய்களின் அடியில் வந்தது. காயின் பூ இருந்த முனை தோல் போலக் கறுத்துக் குழி விழுந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு மருந்தின் பெயர் சொன்னார்கள். மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது நோயே அல்ல. காயின் நுனிக்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது. கல்சியம் தண்ணீரோடுதான் போகும். ஒருநாள் சாக்கு காய்ந்து, மறுநாள் குளம் கட்டினால் வழியில் தடைப்படும். வீட்டுக்கு வரும் குழாயில் தண்ணீர் நின்றுபோன வாரமும் பெரல் காலியான வாரமும் ஒன்றாக அமைந்தன, அதன் கணக்கு அந்தக் கொத்தில் தெரிந்தது. கறுத்த காய்களைப் பறித்துப் போட்டுவிட்டு, காலையில் ஒரே அளவாக ஊற்றிவந்தபோது அடுத்த கொத்து சுத்தமாக வந்தது. காய் வெடிப்பதும் இப்படித் தண்ணீர் ஏறி இறங்குவதால்தான்.

கருகல்? வந்தது. காற்றே இல்லாமல் மூட்டம் மட்டும் மூன்று நாள் உட்கார்ந்திருந்த வாரத்தில், இரண்டு இலைகளில் எண்ணெய் பட்டது போன்ற திட்டு, கீழ்ப்பக்கம் வெள்ளைப் படலம். கூரை மழையைத் தடுக்கும், மூட்டத்தைத் தடுக்காது. அந்த இலைகளை அங்கேயே ஒரு பைக்குள் வெட்டிப் போட்டு அடுப்பில் எரித்தேன், கூட்டுப்பசளைக் குழியில் போடக்கூடாது. செம்பு மருந்தோ மாங்கோசெப்போ அடிப்பதென்றால் புள்ளி வருமுன் அடிக்க வேண்டும். அவை இலைக்கு மேல் காவல் நிற்கும் மருந்துகள், உள்ளே புகுந்துவிட்ட கருகலை வெளியேற்றாது. அடித்தால், பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போத்தலிலேயே எழுதியிருப்பதைப் பார்த்துப் பறிக்க வேண்டும். நான் ஒருமுறை செம்பு அடித்தேன், அதோடு நின்றது. வெளியே நின்ற இரண்டாவது செடி அதே வாரத்தில் முழுதாகப் போனது. பத்தடி தூரம், ஒரே விதை, ஒரே நாளில் நட்டது. கூரை வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தச் செடி நின்ற இடத்தைத்தான்.

பழுக்கத் தொடங்கியதும் குரங்கு. ஒரு கடி, ஒரு எறி, அடுத்த பழம். வலை கட்டலாம், கூட்டமாக வந்தால் வலையையே கழற்றிப் பார்க்கும். அதைவிட எளிய வழி, பழத்தைச் செடியில் சிவக்க விடாமல் இருப்பது. காயின் அடியில் இளஞ்சிவப்புக் கீற்று தெரிந்ததும் பறித்துவிடலாம். அந்தக் கட்டத்துக்குப் பிறகு செடியிலிருந்து பழத்துக்குப் பெரிதாக ஒன்றும் போவதில்லை, சுவையும் குறையாது. பழுக்க வெயில் தேவை என்று சன்னல் ஓரத்தில் அடுக்குவார்கள். தேவையில்லை. 20 பாகை ஒட்டிய சூடு போதும், எங்கள் வீட்டில் அது அடுப்படியில்தான் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வைக்க வேண்டாம், மணம் செத்துவிடும். இந்த யோசனை எனக்கு லாபம், குரங்குக்கு நட்டம்.

சுவைக்கு வருகிறேன். அடுப்படியில் பழுத்த முதல் பழங்களைச் சுட்டு, கொச்சிக்காயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்து, சூடான ரொட்டியோடு சாப்பிட்டோம். கடைத் தக்காளி பாவம், பெட்டியில் அடுக்கி, லொறியில் குலுங்கி வருவதற்காக முழுப் பச்சையில் பறித்தது, அதனிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் மாதத்துப் பழங்கள் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. நிறம் இருந்தது, சாறு இருந்தது, இனிப்பு இல்லை. வெயிலே காணாத இலை சர்க்கரைக்கு எங்கே போகும்? பொலித்தீனும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்கிறது, பாசி படிந்தால் இன்னும் கொஞ்சம். துணியால் துடைத்துவிட்டால் ஓரளவு பரவாயில்லை. அந்தப் பழங்கள் ரசத்துக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் போயின, அங்கே புளிப்பு ஒரு குறையல்ல. வெறும் வாயில் கடித்துச் சாப்பிட ஆசைப்படுகிறவர் மார்ச் பழத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

காசுக் கணக்கும் கேட்கிறார்கள். முதல் பருவத்தில் கூரைச் செலவைத் தக்காளி திருப்பித் தராது. விலை உச்சத்தில் இருந்த வாரங்களில் கடைக்குப் போகாமல் இருந்தது ஒரு சின்னத் திருப்தி. பொலித்தீன் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தால் கணக்கு நேராகும் என்று நினைக்கிறேன். லாபம் மட்டுமே வேண்டுமென்றால் அதே கூரையின் கீழ் கொத்தமல்லித் தழையோ சலாதுக் கீரையோ போடுங்கள், சீக்கிரம் கைக்கு வரும், குரங்கும் அவ்வளவாகத் தொடாது.

அடுத்த முறைக்கு இரண்டு மாற்றம். உயர்ந்த பக்கத்தை இன்னும் ஓரடி தூக்கப் போகிறேன், சூடான ஈரக்காற்று மேலே தங்குகிறது. எட்டுச் சாக்குக்குப் பதில் ஆறு, இடைவெளி கூடும். கான் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும் சின்னத் தக்காளியையும் ஒரு சாக்கில் ஏற்றிப் பார்க்க வேண்டும். யாரும் கவனிக்காத அந்தச் செடி பெரிய தக்காளிகள் போன பிறகும் கொஞ்ச நாள் நின்று காய்க்கிறது.

விதை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. திலினவில் எடுக்கலாம். கருகல் படாத, நன்றாகக் காய்த்த செடியின் பழத்தை முழுதாகப் பழுக்கவிட்டு, விதையைச் சளியோடு ஒரு கப்பில் பிழிந்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைக்க வேண்டும். மேலே படலம் கட்டியதும் தண்ணீர் ஊற்றி அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். அதைத் தட்டில் பரப்பி நிழலில் காயவைத்து, காகிதத்தில் மடித்து, காற்றுப் புகாத போத்தலில் போட்டுவிடலாம். ஹட்டன் ஈரத்தில் போத்தலுக்குள் ஒரு பிடி வறுத்த அரிசியும் போடுவது நல்லது. பத்மாவில் இப்படி எடுத்துப் பயனில்லை. கலப்பினத்தின் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதிரி காய்க்கும், அதற்குப் பொட்டலம்தான் வாங்க வேண்டும்.